சுவிட்ச் போர்டு மேல் ஒரு பச்சைக் குளவி

சங்கரன்கோவில்,
ஆடி மாதம், ஞாயிறு மதியம்.

கர்த்தருக்குள் அன்பான மகன் ஆனந்தகுமாருக்கு,

உன் அப்பா பெத்துராஜ் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா ஞானபூரணமும் தேவ கிருபையால் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் கிருபைக்குக் கொஞ்சம் வெளியே நிற்கிறது, அதற்குத் தைலம் நடக்கிறது. அயர்லாந்துக் குளிரில் நீயும், ஜெஸ்லினும், ஆட்லின் பாப்பாவும் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டுத்தான் எந்த ஜெபத்தையும் ஆரம்பிக்கிறேன். ஞாயிறு தவறாமல் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அப்பாவுக்கு என்ன திடீரென்று பேப்பரும் பேனாவும் என்று நீ நினைப்பாய். காரணம் இருக்கிறது மக்கா. போனில் அனுப்ப முடியாத ஒன்றை இந்தக் கவரில் வைத்து அனுப்ப வேண்டியிருக்கிறது, அது என்ன என்பதைக் கடைசியில்தான் சொல்லுவேன். முந்திரிக்கொட்டை மாதிரி முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பாதே. கவரைத் தலைகீழாக உதறவும் செய்யாதே, கீழே விழுந்தால் தேடி எடுக்க முடியாது.

ஊர் சங்கதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆடித்தபசு முடிந்து இப்போதுதான் தெருவில் மனுஷன் நடக்க இடம் கிடைத்திருக்கிறது. தபசு நாட்களில் நம் கடை வாசலில் செருப்புகளே குவிந்து கிடந்தன, ஷட்டரைத் திறப்பதற்கு அவற்றைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருந்தது. மழை வாசுதேவநல்லூர் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே மலையோடு திரும்பிப் போய்விட்டது, இங்கே வெறும் காற்றுதான், காயப்போட்ட சட்டை எதிர்வீட்டு மாடத்தி வீட்டு மாடியில் போய்க் கிடக்கிறது. தறி மோட்டார்கள் வழக்கம்போல எரிந்து எரிந்து வருகின்றன, நானும் வழக்கம்போலச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருக்கிறேன். கண்தான் முன்னைப்போல இல்லை, மெல்லிய கம்பி என்றால் லென்ஸை எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த லென்ஸ்தான் இந்தக் கடிதத்துக்கே ஆரம்பம் என்று வைத்துக்கொள்.

உன் அறை ஜன்னலில் கதவு ஒன்று ஆணி போய்த் தொங்குகிறதே, அதை மாட்ட வேண்டும் மாட்ட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததில் ஒரு குளவி உள்ளே வந்து குடியேறிவிட்டது. சித்திரைக் கடைசியில் வந்தது. மஞ்சளும் கறுப்புமாக, இடுப்பு நூலாக இருக்குமே, அந்தக் குளவி. எங்கே கட்ட இடம் பார்த்தது தெரியுமா, சரியாக உன் சுவிட்ச் போர்டின் ஓரத்தில். ஐம்பது வருஷமாக மோட்டார் பெட்டிகளில் இருந்து குளவிக்கூட்டைச் சுரண்டி எறிகிறவன் நான், அன்றைக்கும் ஸ்குரூடிரைவரோடு போய் நின்றேன். அம்மா பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். குளவி கூடு கட்டுத வீட்டுக்குப் பிள்ளை வரும்னு சொல்லுவாவ, அதப் போயி இடிக்கவா வந்திய, என்று ஒரு சத்தம். நாம் சபைக்குப் போகிறவர்கள், சகுனம் எல்லாம் பார்க்கக்கூடாதே என்று கேட்டால், இது சகுனம் இல்ல, சங்கதி, என்கிறாள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம், யாருக்குப் பிள்ளை வரும், எனக்கு அறுபத்தாறு முடிந்துவிட்டது, நம் ஆனந்துக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்றேன். முதலில் கல்யாணம் வரும், அது பின்னால பிள்ளை வரும், குளவிக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிட்டு, என்றாள். சுவிட்ச் மேல் ஒரு அட்டையை ஒட்டி, தொடாதே என்று எழுதிவிட்டாள். கரண்டு வேலை பார்க்கிறவன் வீட்டில் ஒரு அறைக்கு லைட் இல்லை, டார்ச்தான். மாடத்தி வந்து பார்த்துவிட்டு, வேலை முடிஞ்சதும் கொஞ்சம் மண்ணு எனக்கும் குடுங்கக்கா, பொன்னுக்கு வீங்கிக்குப் பத்துப் போட ஆகும், என்று முன்பதிவு செய்துவிட்டுப் போனாள். அந்த ஒரு வாரம் உன் அம்மா முகத்தில் இருந்த களையை நான் பல வருஷமாகப் பார்க்கவில்லை.

அந்த வாரத்து ஞாயிறுதான் நீ போன் பண்ணினாய். கூட நர்ஸாக வேலை பார்க்கிற நாகர்கோவில் பிள்ளை ஜெஸ்லினைக் கட்ட ஆசைப்படுகிறேன், அவள் கணவர் விபத்தில் தவறி மூன்று வருஷம் ஆகிறது, ஐந்து வயதில் ஆட்லின் என்று ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள், அம்மா வாயால் சரி என்று சொன்னால்தான் கிறிஸ்துமஸ் லீவில் வந்து கோயிலில் கல்யாணத்துக்கு எழுதிக் கொடுப்போம், அது வரைக்கும் ஜெஸ்லினும் நம் வாசலை மிதிக்கமாட்டாள் என்று சொன்னாய். எனக்கு அப்போதே சம்மதம், அதை அப்போதே சொல்லிவிட்டேன். அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு அரிசி ஊறப்போடப் போய்விட்டாள். அன்றைக்கு இட்லிக்கு ஏற்கெனவே மாவு ஆட்டி வைத்திருந்தது, அந்த அரிசி எதற்கு என்று நான் கேட்கவும் இல்லை. அதன் பிறகு எத்தனை ஞாயிறு நீ கேட்டாய், அவளும் முழங்கால் வலியையும் மழையையும் பேசிவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தாள். உன் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டே வந்தது எனக்குக் கேட்டது. ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அவள், நடுவில் நான் ஸ்பீக்கர் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அந்தக் கஷ்டம் எதிரிக்கும் வேண்டாம்.

பேச முடியாதவனுக்குப் பார்க்கவாவது ஏதாவது வேண்டுமே. கடையை மூடிவிட்டு வந்தால் உன் அறையில் நாற்காலியைப் போட்டுக் குளவியைப் பார்க்க ஆரம்பித்தேன். இத்தனை வருஷம் இடித்தவன், ஒரு நாளாவது நின்று பார்த்ததில்லை. ஈரமண்ணை உருட்டி எடுத்து வருகிறது, அதை இழுத்து வளையமாக வைத்து, மேலே மேலே ஏற்றி, சின்னச் செம்பு மாதிரி ஒரு அறை. ஒட்டும்போது ஒரு சத்தம் போடும் பார், நம் மிக்ஸி மோட்டார் தூரத்தில் ஓடுகிற மாதிரி. அறை முடிந்ததும் உள்ளே வாலை விட்டு முட்டையை ஒரு நூல் இழையில் கூரையிலிருந்து தொங்கவிடுகிறது. அப்புறம் பச்சைப் புழுக்களைத் தூக்கி வந்து திணிக்கிறது. புழு சாகவும் இல்லை, நெளியவும் இல்லை, ஊசி போட்டு மயங்கவைத்த நோயாளிதான், உன் டிபார்ட்மென்ட். அறை நிறைந்ததும் வாயை மண் வைத்து அடைத்துவிட்டு அடுத்த அறை. நாலாவது அறை கட்டும்போதுதான் அந்த இன்னொன்று வந்தது.

முதலில் அதைப் பார்த்தது அம்மாதான், பார்த்தவிதம் சிரிப்பு. அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று காதைப் பிடித்துக்கொண்டு, ஐயோ என் தோட்டுக் கல்லு விழுந்துட்டு, என்று கூப்பாடு போட்டாள். தரையில் பச்சையாக உருண்டையாக ஒன்று மின்னிக்கொண்டு கிடக்கிறது. அவள் கல்யாணத்துக்கு அவள் வீட்டில் போட்ட பச்சைக்கல் தோடுதான் உனக்குத் தெரியுமே. குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். கல் மெதுவாகக் கால் நீட்டியது. அப்புறம் கொம்பு நீட்டியது. அப்புறம் அவள் ரேகை மேல் நடந்து விரல் நுனிக்குப் போய் நின்றது. உன் அம்மா கத்தவில்லை, கையை உதறவும் இல்லை, என்னங்க, கல்லு நடக்கு, வாங்க, என்று மட்டும் கூப்பிட்டாள். நான் லென்ஸோடு போவதற்குள் பறந்து போய்ச் சுவரில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு காதிலும் கல் பத்திரமாக இருந்தது.

என்ன நிறம் என்று எழுதத் தெரியவில்லை. தலையும் தோளும் பச்சை, பின்பக்கம் போகப் போக நீலம், வால் நுனியில் ஊதா, நாம் தலையை ஆட்டினால் அதுவும் மாறுகிறது. இறக்கை மட்டும் புகை பிடித்த கண்ணாடி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் முதுகெல்லாம் குழி குழியாக, புதிதாய்க் கொத்தின அம்மி மாதிரி. வால் நுனியில் ரம்பத்துக்கு இருப்பதுபோல நாலு பல். நான் இது வரைக்கும் எனாமல் கம்பியிலும் கூட இப்படி ஒரு பளபளப்பைப் பார்த்ததில்லை. அது ஏன் தரையில் உருண்டு கிடந்தது என்பதும் மறுநாளே தெரிந்தது. பச்சை வந்து கூட்டின் மேல் உட்கார்ந்தது, மண்ணோடு திரும்பி வந்த மஞ்சள் குளவி பார்த்துவிட்டது, பாய்ந்து பிடித்தது. பிடித்த நிமிஷம் பச்சை தலையையும் காலையும் வயிற்றுக்குள் மடக்கி உருண்டையாகிவிட்டது. அதன் வயிறு நம்மைப்போல வெளியே தள்ளியது இல்லை, கரண்டி மாதிரி உள்ளே குழிந்தது, எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகிறது. வெளியே இருப்பதெல்லாம் கவசம். மஞ்சள் குளவி எங்கே கொட்டினாலும் கொடுக்கு வழுக்குகிறது. கடைசியில் அலுத்துப்போய்த் தூக்கித் தரையில் போட்டது, டொக் என்று சத்தம் கேட்டது. மஞ்சள் வெளியே போனதும் உருண்டை விரிந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி மேலே ஏறிப் போனது. சூடு சொரணை இல்லாத சாதி என்று நினைத்தேன். மேலே போனது முதல் அறை மேல் ஒரே இடத்தை வாயால் நனைத்து நனைத்துப் பறித்தது, எச்சிலா வேறு தண்ணீரா தெரியவில்லை. பிறகு திரும்பி நின்று வாலை உள்ளே விட்டு வெகுநேரம் அசையாமல் இருந்தது. அப்புறம் அந்த ஓட்டையையும் பூசி அடைத்துவிட்டுப் போயே போய்விட்டது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, அந்த அறை மேல் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன், படமும் எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் கடைக்கு கிரைண்டர் மோட்டாரோடு சண்முகப்ரியா என்று ஒரு டீச்சர் வந்தது, காலேஜில் விலங்கியல் நடத்துகிறதாம். வார்னிஷ் பூசின காயில் காய்கிற நேரத்தில் படத்தைக் காட்டினேன். அந்தப் பிள்ளைக்கு மோட்டார் மறந்துபோய்விட்டது, இதை நேரில் பார்க்கணும் அங்கிள் என்று வீட்டுக்கே வந்துவிட்டது. குயில் குளவி என்று சொல்லலாமாம், காக்கைக் கூட்டில் குயில் முட்டை வைக்கிற மாதிரி இது அடுத்த குளவிக் கூட்டில் முட்டை வைக்குமாம். தனக்கென்று கூடு கட்டாது, வேட்டைக்குப் போகாது, பூவில் தேன் குடித்துவிட்டு இதே வேலையாக அலையும். கொடுக்கு இருக்கிற இடத்தில் முட்டை வைக்கிற குழாய்தான் இருக்கும், நம்மைக் கொட்டாது, அதனால்தான் அம்மா கை தப்பித்தது. நிறம் என்பது சாயமே இல்லையாம், தோலில் அடுக்கடுக்காக மெல்லிய ஏடுகள் இருக்கிறதாம், வெளிச்சம் அதில் பட்டுப் பிரிகிறதாம், பஸ் ஸ்டாண்டில் மழைத்தண்ணீர் மேல் டீசல் விழுந்தால் தெரியுமே அது மாதிரி. அம்மா அடுக்களையில் இருந்தபடி, அப்ப செத்தா சாயம் போயிருமா, என்று கேட்டாள். மியூசியத்தில் நூறு வருஷத்துக்கு மேலே இருக்கிறது, இன்னும் அப்படியே மின்னுகிறது என்று டீச்சர் சொன்னது. நம் ஊரில் துணிக்கு அந்தச் சாயம் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நாங்கள் சிரித்தோம். அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். புள்ளி வைத்த அறையில் இனி என்ன நடக்கும் என்று கேட்டேன். டீச்சர் உள்ளதைச் சொன்னது. பச்சையின் முட்டை பொரிந்து, அந்த அறையில் வளர்கிற மஞ்சள் குளவிக் குஞ்சைத் தின்று வளரும், அந்த அறையிலிருந்து பச்சைதான் வெளியே வரும்.

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. டீச்சர் போனதும் அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வாரமாகப் பூட்டி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினாள். பாத்தியளா, பிள்ளை வரும்னு நான் கூட்டக் காத்தேன், அடுத்தவ முட்டை வந்து நம்ம குஞ்சத் தின்னுட்டு நிக்கி, இதுக்கு மேல எனக்கு என்ன சொல்லணும், என்றாள். அவளுக்கு ஜெஸ்லின் மேல் கோபம் இல்லை மக்கா, விதவைப் பிள்ளை என்ற எண்ணமும் இல்லை. பயம், வெறும் பயம். அந்தப் பிள்ளை இருக்கும்போது உனக்கு என்று ஒன்று பிறக்காமலே போய்விடுமோ, பிறந்தாலும் அது இரண்டாவதாக நிற்குமோ, அந்தச் சின்னது தன்னை ஏறிட்டுப் பார்க்குமா, தன் கைச் சோறு அதற்கு இறங்குமா என்று எல்லாம் அழுதாள். பூச்சி புழு செய்வதை வைத்து மனுஷனுக்கு நியாயம் பேசக்கூடாது என்று சொன்னேன். அவள் உடனே, அப்ப பிள்ளை வரும்னு சொன்னதும் பூச்சிதானே, அத மட்டும் நான் நம்பலாமா, என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டாள். அவளிடம் வாதாடி நான் எந்த வருஷம் ஜெயித்தேன். அன்றைக்கு நீ போன் பண்ணியபோது அம்மாவுக்குத் தலைவலி என்று நான் சொன்னேனே, அது இதுதான்.

அம்மாவும் இடிக்கச் சொல்லவில்லை, நானும் இடிக்கவில்லை. இரண்டு பேருக்குமே என்ன வரப்போகிறது என்று பார்க்காமல் முடியாது போல இருந்தது. மஞ்சள் குளவி ஆறு அறை கட்டி, எல்லாவற்றுக்கும் மேலே மண் பூசி, ஒரு நாள் போனது போனதுதான், திரும்பி வரவே இல்லை. நான் டீ வடிகட்டியைக் கவிழ்த்துக் கூட்டின் மேல் டேப் போட்டு ஒட்டினேன், அம்மா அன்றிலிருந்து துணியில் டீ வடிகட்டினாள். வைகாசி முடிகிற சமயம் ஒரு அறையில் வட்டமாக ஓட்டை விழுந்து மஞ்சள் ஒன்று வெளியே வந்தது, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று, மொத்தம் நாலு. வரவர வடிகட்டியைத் தூக்கி விட்டுவிட்டேன். புள்ளி வைத்த அறை அப்படியே மூடிக் கிடந்தது. இன்னொரு அறையும் அசையவில்லை, அதை மட்டும் ஸ்குரூடிரைவர் நுனியால் திறந்து பார்த்தேன். உள்ளே முட்டை பட்டுப்போயிருந்தது, அது கொண்டுவந்து வைத்த புழுக்கள் காய்ந்து சருகாக அப்படியே இருந்தன. கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், கடையில் வேலைக்கு வந்த எல்லாரையும் அதைச் சொல்லித்தான் தலையில் குட்டியிருக்கிறேன். புழு புழுவாகத்தான் இருக்கிறது தம்பி. எத்தனை கொட்டினாலும் குளவி ஆகாது, அது குஞ்சுக்கு வைத்த சாப்பாடு, அவ்வளவுதான். உன்னையும் குட்டிக் குட்டிக் காயில் கட்ட வைக்கப் பார்த்தேன், நீ ஊசி போடப் போய்விட்டாய், நல்லதாகப் போயிற்று. எதற்கு இதைச் சொல்லுகிறேன் என்றால், பாப்பாவிடம், என்னை அப்பா என்று கூப்பிடு என்று நச்சரிக்காதே. அங்கிள் என்றால் அங்கிள், ஆனந்த் என்றால் ஆனந்த். வாயில் எது வருகிறதோ அதற்குத் திரும்பிப் பார்.

ஆனி பாதியில் ஒரு காலை, நான் பல் விளக்கிக்கொண்டிருக்கிறேன், அம்மா உன் அறையிலிருந்து கூப்பிட்டாள். வடிகட்டிக்குள் பச்சை நின்றது. வந்த ஓட்டையின் மண் தூள் இன்னும் தலையில் ஒட்டியிருந்தது. கம்பி வலையில் ஏறுகிறது, வழுக்கி விழுகிறது, உருண்டையாகிறது, யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்ததும் விரிகிறது, மறுபடி ஏறுகிறது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தின்றுவிட்டு வந்த பிள்ளை என்று ஏதாவது சொல்லுவாள் என்று நான் கையில் பிரஷ்ஷோடு நின்றேன். அவள் வேறு கேட்டாள். இதப் பெத்தவ எங்க, என்றாள். முட்டை வைத்துவிட்டு அன்றைக்கே போய்விட்டது என்றேன். அந்த நாலயும் பெத்தவ, என்றாள். அதுவும் பூசிவிட்டுப் போய்விட்டது, தன் குஞ்சு முகத்தைப் பார்ப்பதில்லை, இந்தச் சாதியில் யாருமே பார்ப்பதில்லை என்றேன். பிறகு, அப்ப இது என்ன செய்யும், வந்து பாத்தா ஒரு சனம் இல்ல, என்று சொல்லி, அவளே டேப்பைப் பிரித்து வடிகட்டியை எடுத்தாள். பச்சை அவள் கட்டைவிரல் மேல் ஏறி நின்று இறக்கையைத் துடைத்தது. ஜன்னல் வரைக்கும் கையை நீட்டிக்கொண்டே போனாள், முழங்கால் வலியை மறந்துபோனாள் என்று நினைக்கிறேன். மாடத்தி வீட்டு முருங்கைப் பூ பக்கம் பறந்து போனது வரைக்கும் பார்த்துவிட்டு, தொங்குகிற ஜன்னல் கதவைக் காட்டி, இத இன்னைக்காவது மாட்டுவியளா, இந்த ரூம்லதான ஆளுக படுக்கணும், என்றாள்.

எந்த ஆளுகள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கெட்டுப்போகும் என்று பயம். ஆணி வாங்கப் போவதுபோலக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு மணிநேரம் சுற்றிவிட்டு வந்தேன். அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் உன் அறையை ஒட்டடை அடித்தாள், மெத்தையை வெயிலில் போட்டாள், உன் பழைய மேஜையை எண்ணெய் போட்டுத் துடைத்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது, பாப்பா தோட்டத்தில நத்தை எல்லாம் பொறுக்குதாமே, ஆனந்து சொன்னானே, என்றாள். ஆமாம் என்றேன். அப்ப அதுக்கு இந்தக் கூடு பாக்கப் பிடிக்கும், என்றாள். நானும் மெதுவாக, அப்படியானால் குளவி சொன்னது என்ன ஆயிற்று என்று வாயைக் கிண்டினேன். அதற்கு உன் அம்மா சொன்ன பதிலை உனக்கு அப்படியே எழுதுகிறேன், போனில் சொன்னால் நீ நம்பமாட்டாய். குளவி கட்டினா பிள்ளை வரும்னுதான சொல்லுவாவ, பிறக்கும்னு யாரு சொன்னா, நாமளா சேத்துக்கிட்டோம், வாரது அஞ்சு வயசுல நடந்து வருது, நல்லதாப் போச்சு, தொட்டில் கட்ட எனக்கு முழங்கால் இல்ல, என்றாள். சோற்றைப் பிசைந்தபடி தலைகுனிந்தே சொன்னாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு காரம் என்று சமாளித்தேன். அவள் சரி சொல்லிவிட்டாள் மக்கா. இதைவிடத் தெளிவாக உன் அம்மாவுக்குச் சொல்ல வராது. பயம் முழுக்கப் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன், கொஞ்சம் கிடக்கும், பாப்பா ஒரு வாய் சோறு அவள் கையில் வாங்கினால் போய்விடும்.

கூட்டை நான் இன்னும் சுரண்டவில்லை, பாப்பா வந்து பார்த்த பிறகுதான் மாடத்திக்கு மண் என்று அம்மா உத்தரவு. அட்டையும் அப்படியே இருக்கிறது, அதனால் டிசம்பரில் வந்தாலும் உன் அறையில் டார்ச்தான், இப்போதே சொல்லிவிட்டேன். பாப்பாவுக்கு இந்தக் கதையைப் படித்துக் காட்டு, தின்கிற இடத்தையும் ஒளிக்காதே, நத்தை பொறுக்குகிற பிள்ளைக்கு அது புரியும். அங்கேயும் வெயில் காலத்தில் பழைய சுவர்களில் சின்ன ஜாதிக் குயில் குளவி வரும் என்று டீச்சர் சொன்னது, செம்பு நிறத்தில் இருக்குமாம், நீங்கள் இரண்டு பேரும் தேடிப் பாருங்கள். ஜெஸ்லினுக்கு நாங்கள் சுகம் கேட்டதாகச் சொல், இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு அம்மாவே அவளிடம் பேசுவாள். முழங்காலைப் பற்றித்தான் ஆரம்பிப்பாள், நர்ஸ் என்ற முறையில் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளச் சொல். ஈர சாக்ஸ் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போகாதே. கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் காத்து, நல்லபடியாக இந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தட்டும்.

கடைசியாக, கவரில் இருக்கிற சாமான். அடியில் ஒரு சின்னக் காகிதம் மடித்திருக்கும், அதற்குள் தறியில் ஓட்டுகிற சிவப்புப் பாவு நூல் ஒரு முழம் இருக்கிறது. பாப்பாவுக்குக் கொலுசு எடுக்க அம்மாவுக்குக் கால் அளவு வேண்டும். போனில் இத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டுக்கொள்ளலாமே என்றேன், அப்படி நான் நம்பர் கேட்டு உனக்கு வாங்கி அனுப்பின செருப்பு என்ன ஆயிற்று என்று திருப்பிக் கேட்கிறாள். ஆகையால் நூலைப் பாப்பா கணுக்காலில் சுற்றி, உன் சுண்டுவிரல் நுழைகிற அளவு தளர்த்திப் பிடி, வளர்கிற பிள்ளை. ஒரு முனையில் அம்மா ஏற்கெனவே ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறாள். இன்னொன்றை நீ போட்டுத் தபாலில் திருப்பி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
பெத்துராஜ்